வறட்சியும் உறைபனியும்: மன்னார்க் கரையின் பயிர்வாழ்வு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

இலங்கையின் வடமேற்குக் கரையில் அமைந்த மன்னார்த் தீவும் அதனையடுத்த பெருநிலமும் இந்நாட்டின் மிக வறண்ட நிலப்பரப்புகளுள் அடங்குவன. ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 1,000 மில்லிமீற்றர். அதன் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையான வாடைக்காலத்திலேயே பெய்து முடிகின்றது. வைகாசி முதல் புரட்டாசி வரை வீசும் சோளகக் காற்று மழையைக் கொணர்வதில்லை. மாறாக, மண்ணிலும் இலையிலும் எஞ்சியிருக்கும் ஈரத்தைக் கவர்ந்து செல்கின்றது. ஆண்டு முழுவதற்குமாகக் கணக்கிடின், வானம் தருவதைக் காட்டிலும் வெயிலும் காற்றும் ஆவியாக்கிக் கொள்ளக்கூடிய நீரே இங்கு அதிகம்.

ஆயினும், இதே நிலத்திலேதான் இந்து சமுத்திர வாணிகத்தின் பெருந்துறைகளுள் ஒன்றான மாதோட்டம் பல நூற்றாண்டுகள் செழித்திருந்தது. இதே நிலத்திலேதான் கட்டுக்கரைக்குளம் என்னும் பெருங்குளம் அமைக்கப்பட்டது. மழை குறைந்த நிலம் எவ்வாறு நெல்வளம் பெற்றது, அவ்வளம் எக்காரணங்களால் குன்றிற்று என்னும் வினாக்களுக்கு வானிலையை மட்டும் கொண்டு விடை காண இயலாது. தாவரம் நீரைப் பெறும் முறையையும், மனிதர் நீரைப் பகிரும் முறையையும் சேர்த்து நோக்குதல் வேண்டும்.

இந்நோக்குக்கு ஓர் ஒப்பீடு துணைசெய்யும். குளிர்நாடுகளில் மாரியிலே மண் உறைவதனால் பயிர்கள் மடிகின்றன. மன்னாரில் மண் ஒருபோதும் உறைவதில்லை. இரவிலே 20 பாகை செல்சியசுக்குக் கீழே வெப்பநிலை இறங்குவதே அரிது. இருப்பினும், வறண்ட மண்ணில் வாடும் பயிருக்கும் உறைந்த மண்ணில் மடியும் பயிருக்கும் நேர்வது அடிப்படையில் ஒரே கேடு என்பது தாவரவியல் தந்த முடிபு. அம்முடிபு மன்னாரின் வரலாற்றை விளங்கிக்கொள்ளவும் பயன்படும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பாலையும் பின்பனியும்

தமிழ் இலக்கண மரபிலே வறட்சியும் பனியும் ஒரே திணையின்கீழ் வைக்கப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது. பாலைத்திணைக்கு நண்பகலையும் வேனிலையும் உரிய பொழுதாகக் கூறும் தொல்காப்பியம், பின்பனிக் காலமும் அதற்கு உரியதென்கின்றது. பிரிவு என்னும் உரிப்பொருளைக் கருதியே இவ்விதி அமைந்தது என்பர் உரையாசிரியர். எனினும், வேனிலையும் பின்பனியையும் ஒருசேரக் கண்ட பார்வையின் பின்னே வேளாண் வாழ்வின் அனுபவமும் இருந்திருத்தல் கூடும். மாசி, பங்குனி மாதங்களாகிய பின்பனியில் மழை ஓய்ந்துவிடும். பெரும்போக நெல் அறுவடையாகும். குளத்து நீர் வற்றத் தொடங்கும். மேய்ச்சல் நிலம் பழுக்கும். மன்னார்ப் பெருநிலத்தில் இன்றும் இதுவே பருவ ஒழுங்கு.

பாலைக்குத் தொல்காப்பியம் தனியொரு நிலத்தை வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து துன்பம் விளைக்கும் வடிவத்தைக் கொள்வதே பாலை என்னும் கருத்தைச் சிலப்பதிகாரத்திற் காண்கிறோம். அதாவது பாலை என்பது ஓரிடத்தின் நிலையான பெயரன்று. எந்த இடமும் அடையக்கூடிய ஒரு நிலைமை. நிலைமையாயின் அதற்குக் காரணங்கள் உண்டு. காரணங்கள் உண்டாயின் மாற்றமும் உண்டு. மன்னாரின் வறட்சியை இவ்வாறு நோக்குவது தமிழ் மரபுக்குப் புறம்பான செயலன்று.

"தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்னும் பழமொழி சுட்டுவது நீர்த்துளியாகப் படியும் பனியையே. மண்ணின் ஈரத்தைக் கல்லாக்கும் பனி தமிழர் வாழ்ந்த சமநிலங்களுக்கு அந்நியமானது. நீலகிரியிலும் நுவரெலியாவிலும் தோட்டத் தொழிலாளராகக் குடியேறிய பின்னரே பெருந்தொகையான தமிழ் உழைப்பாளர் அதனை நேரிற் கண்டனர். இதனைப் பின்னர்க் காண்போம்.

நீர் எட்டாமை

தாவரத்தின் இலைவாய்களினூடு நீர் ஆவியாக வெளியேறுகின்றது. இதனால் உண்டாகும் இழுவை காழ்க் கலன்களிலுள்ள நீர்நிரல் வழியே கீழிறங்கி, வேர்வரை சென்று, மண்ணின் நீரை மேலே இழுக்கின்றது. மண் உலருந்தோறும் எஞ்சிய நீர் மண்துணிக்கைகளால் மேன்மேலும் இறுகப் பற்றப்படுகின்றது. ஒரு கட்டத்தில் மண்ணில் நீர் இருந்தும் வேரால் அதனைப் பிரித்தெடுக்க இயலாது போகின்றது. தாவரம் இலைவாய்களை மூடிக்கொள்கின்றது. நீரிழப்பு குறைகின்றது, ஆயின் அதே வாயிலால் உட்புகும் காபனீரொட்சைட்டும் தடைப்படுகின்றது. உணவாக்கம் நின்று வளர்ச்சி தேய்கின்றது. வறட்சி மேலும் நீடித்தால் காழின் நீர்நிரல் அறுந்து காற்றுக் குமிழிகள் இடைபுகுகின்றன. பின்னர் மழை பெய்தாலும் அக்கிளை மீள்வது அரிது.

நெற்பயிர் எல்லாப் பருவத்திலும் ஒரே அளவில் வறட்சியாற் பாதிக்கப்படுவதில்லை. இளம்பயிர் வாடினால் பின்னர்த் தேறலாம். குடலைப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் நீர் தவறினால் மகரந்தம் கெட்டுக் கதிர் பதராகின்றது. மன்னார் விவசாயிக்கு ஆண்டின் மொத்த மழையளவை விட, மார்கழி, தை மாதங்களில் ஓரிரு வாரம் மழை தவறுமா என்பதே வாழ்வா சாவா என்னும் வினாவாக அமைவது இதனாலேயே. இதே பருவத்தில் கடுங்குளிர் தாக்கினும் மகரந்தம் கெடும். 1780களில் யப்பானின் வடகிழக்குப் பகுதியை அழித்த தென்மேய்ப் பஞ்சத்துக்குக் கோடைக் குளிரால் நெல் பதரானமை ஒரு முதன்மையான காரணமாகும்.

இனி உறைபனியை நோக்குவோம். மண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது வேர் அதனை உறிஞ்ச இயலாது. ஆனால் வெயிலும் காற்றும் இலைகளிலிருந்து ஈரத்தைக் கவர்ந்தவண்ணமே இருக்கும். என்றும் பசுமையான ஊசியிலை மரங்கள் மாரியின் இறுதியிலே பழுப்பது பெரும்பாலும் குளிராலன்று, தாகத்தாலேயே. இழையங்கள் உறையும்போதும் நிகழ்வது இதனையொத்ததே. பனிக்கட்டி முதலிற் கலங்களுக்கு வெளியேயுள்ள இடைவெளிகளில் உருவாகிக் கலத்தினுள் இருக்கும் நீரை வெளியே ஈர்க்கின்றது. கலம் நீரற்றுச் சுருங்கி மடிகின்றது. மண்ணீர் உறைகையில் மண் பருத்து மேலெழுந்து நுண்வேர்களையும் அறுத்துவிடுகின்றது.

இவ்விரண்டோடு மூன்றாவதொன்றும் உண்டு. அது உப்பு. உவர்மண்ணிலே நீர் நிறைந்திருப்பினும் பிரசாரண வேறுபாடு காரணமாக வேர் அதனை எளிதில் ஈர்த்துக்கொள்ள முடியாது. இம்மூன்று நிலைமைகளையும் ஒரே கருத்தின்கீழ்த் தொகுத்தவர் செருமானியத் தாவரவியலாளர் ஷிம்பர். மண் உண்மையிலேயே உலர்ந்திருப்பது ஒன்று. மண்ணில் நீர் இருந்தும் தாவரத்துக்கு எட்டாதிருப்பது மற்றொன்று என்று அவர் 1898இல் வெளியிட்ட தாவரப் புவியியல் நூலிலே பிரித்துக் காட்டி, பின்னதனை உடற்றொழிலியல் வறட்சி என்றார். கண்டற் காடுகளைப் பற்றிய அவருடைய சில முடிபுகள் பின்னர்த் திருத்தம் பெற்றன. எனினும் அவர் கண்ட ஒற்றுமையின் அடிப்படை பிற்கால ஆய்வினால் வலுப்பெற்றது. 1990களின் இறுதியிலே, வறட்சியிலும் குளிரிலும் தாவரத்தின் தற்காப்பை இயக்கும் ஒழுங்காக்கு மரபணுக்கள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது நிறுவப்பட்டது. உவர்ப்புக்கு எதிராகவும் இக்குடும்பத்து மரபணுக்கள் சில தொழிற்படுகின்றன. தாவரத்தைப் பொறுத்தவரை இவை மூன்றும் நீர் மறுக்கப்படும் மூன்று வழிகளேயாகும்.

மன்னாரின் மண்ணும் மரமும்

மன்னாரில் உறைபனி இல்லை. ஆனால் அது செய்யும் வேலையைச் செய்ய வேறு சக்திகள் உள்ளன. முருங்கன் பகுதியின் கரிய களிமண் இதற்குத் தக்க சான்று. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு ஒரு காலத்தில் களி அகழ்ந்து அனுப்பப்பட்டது இப்பகுதியிலிருந்தே. மழையில் இம்மண் ஊறிப் பருத்து நீரைத் தேக்கும்; ஆகவே நெல்லுக்கு மிக உகந்தது. உலரும்போதோ சுருங்கி ஆழமாக வெடித்து, வெடிப்பினூடு ஓடும் வேர்களை அறுத்துவிடும். குளிர்நாட்டில் மண் பருத்து வேரை அறுக்க, இங்கே மண் சுருங்கி வேரை அறுக்கின்றது. மேலும், களியின் நுண்துளைகளில் எஞ்சும் நீர் மிக இறுகப் பற்றப்பட்டிருப்பதால், மணல்நிலத்தைக் காட்டிலும் கூடிய ஈரம் இருக்கையிலேயே பயிர் வாடக்கூடும்.

தீவின் நிலைமை வேறு. சுண்ணாம்புப் பாறையின்மேல் மணல் படர்ந்த தீவு அது. மழைநீர் மணலினூடு விரைந்திறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லை போல மிதக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால் அதன் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் தாங்கப்படும் என்பது நீரியற் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து உவர் 40 அடி ஏறிவிடும் என்பது அதன் மறுபக்கம். தீவின் கிணறு, தோட்டம், தென்னை யாவும் இம்மெல்லிய வில்லையை நம்பியே வாழ்கின்றன.

இச்சூழலில் நிலைத்த தாவரங்கள் ஒவ்வொன்றும் ஒரு வழியைக் கண்டுகொண்டன. பனை தன் முளையையே முதலில் ஆழத்துக்கு அனுப்பி, வேர் உறுதிப்பட்ட பின்னரே மேலெழுகின்றது. குடைபோலப் பரந்த உடைமரம் சிற்றிலைகளால் நீரிழப்பைக் குறைக்கின்றது. பாக்குநீரிணைக்கு அப்பாலுள்ள இராமநாதபுரக் கரையிலும் இதே மரத்தைக் காணலாம். பெருநிலக் காட்டின் பாலையும் வீரையும் தடித்த இலைகளோடு கோடையைத் தாங்கி நிற்கின்றன. ஆபிரிக்காவிலிருந்து அராபிய வணிகரால் கொணரப்பட்டதாகக் கருதப்படும் பெருக்கமரம் கோடையிலே இலை முழுவதையும் உதிர்த்துவிடுகின்றது. பள்ளிமுனையிலுள்ள பெருக்கமரத்தின் சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். இம்மரம் தன் பருத்த அடியில் தேக்கிய நீரைக் கோடை முழுவதும் பருகி வாழ்கின்றது என்பது பொதுநம்பிக்கை. மடகாசுக்கரில் இவ்வினத்து மரங்களை ஆராய்ந்தோர் கண்டது வேறு: அந்நீர் பெரும்பாலும் மழைக்குச் சற்று முன்னர்ப் புதுத்தளிர் விடுவதற்கே செலவாகின்றது. துன்பகாலத்திற் செலவைச் சுருக்குவதும், இருப்பை அடுத்த பருவத்தின் தொடக்கத்துக்கென வைத்திருப்பதும் அதன் முறை. விதைநெல்லைத் தொடாத விவசாயியின் முறையும் இதுவே.

வறட்சிக்கெனத் தாவரம் கொண்ட அமைப்பே மனிதர்மீது சுமையாக மாறியதும் உண்டு. மன்னார்க் கரையின் உலர்ந்த மணலிலே ஈரத்தைத் தேடி நீளும் மெல்லிய சாயவேர், துணிக்குச் செந்நிறமூட்டும் பொருளாகப் பெருமதிப்புப் பெற்றது. ஒல்லாந்தர் ஆட்சியில் அது கொம்பனியின் ஏகபோகப் பொருளாயிருந்தது. அதனைக் கிண்டிக் கொடுப்பது குறிப்பிட்ட சாதியினர்மீது கடமையாகச் சுமத்தப்பட்டது. செடி நீருக்காக ஆழச் சென்றது. மனிதன் கட்டளைக்காக ஆழத் தோண்டினான்.

மாந்தையின் தானியங்கள்

மாதோட்டத்தின் வளம் பற்றித் தேவாரப் பதிகங்கள் பேசுகின்றன. திருக்கேதீச்சரத்தைப் பாடிய சம்பந்தரும் சுந்தரரும் கடலையும் மரக்கலங்களையும் மட்டுமன்றிச் சோலைகளையும் சேர்த்தே காட்டுகின்றனர். பக்திப்பாடலின் வருணனையை அவ்வாறே வரலாற்றுச் சான்றாகக் கொள்ளுதல் தகாது. ஆயினும் அகழ்வாய்வு இவ்விடத்தில் நமக்குத் துணைநிற்கின்றது.

மாந்தையில் 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் நடைபெற்ற அகழ்வு, சீன மட்பாண்டங்களையும் மேற்காசியக் கண்ணாடிப் பொருள்களையும் வெளிக்கொணர்ந்தது. போர்ச்சூழல் காரணமாக அப்பணி இடைநின்றது. 2009, 2010 ஆண்டுகளில் மீண்டும் தொடங்கப்பட்டது. அப்போது கிடைத்த கருகிய தாவர எச்சங்களைப் பற்றிய ஆய்வு 2018இல் வெளியாயிற்று. நெல் மிகுதியாகக் கிடைத்தது. பயறு, மிளகு, கிராம்பு, கோதுமை, முந்திரிகை விதை என்பனவும் இனங்காணப்பட்டன. கோதுமை கி.பி. 2ஆம் நூற்றாண்டளவினது, முந்திரிகை விதைகள் 7, 8ஆம் நூற்றாண்டுகளுக்குரியன, கிராம்பு 10, 11ஆம் நூற்றாண்டுகளுக்குரியது.

இப்பட்டியலிலே நெல்லும் கோதுமையும் அருகருகே இருப்பது நம் பொருளோடு நெருங்கிய தொடர்புடையது. மாரிக் கோதுமை சில வாரங்கள் குளிரில் இருந்தாலன்றிக் கதிர்விடுவதில்லை. குளிர் அதற்குப் பகையாவது அளவு மீறும்போது மட்டுமே. பூக்க மாரி கேட்கும் பயிர் மாந்தையின் வெப்பத்தில் விளைந்திருக்க முடியாது. அது கடல்வழி வந்ததே. நெல்லோ பின்னிலத்துக் குளங்களின் விளைவு. குளிர்நாட்டுப் பயிரும் வெப்பநாட்டுப் பயிரும் ஒரே துறையிற் சந்தித்தன என்பது, தன் மண்ணில் விளையாததைக் கொள்ளத்தக்க மிகுபொருளை இந்நிலம் பெற்றிருந்தது என்பதற்குச் சான்றாகும். சோழர் ஆட்சியில் மாதோட்டம் இராசராசபுரம் எனப் பெயர் பெற்று, அங்கே இராசராசேச்சரம் எழுந்ததும் இப்பொருள்வளத்தின் மீதே.

கட்டுக்கரை: நீரைப் பங்கிடும் கலை

வடமத்திய மாகாணத்துக் குன்றுகளிலே தோன்றி, அனுராதபுரத்தை ஊடறுத்து, ஏறத்தாழ 164 கிலோமீற்றர் ஓடி அரிப்புக்கு அருகே கடலை அடையும் ஆற்றைச் சிங்களர் மல்வத்து ஓயா என்பர். தமிழர் அருவி ஆறு என்பர். இவ்வாற்றைத் தேக்கம் என்னும் இடத்திலே கல்லணையால் மறித்து, ஊட்டுக்கால்வாய் வழியே நீரைத் திருப்பிக் கட்டுக்கரைக்குளத்தை நிரப்பினர் பண்டையோர். 5ஆம் நூற்றாண்டில் ஆண்ட தாதுசேனன் காலத்தது இக்குளம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. குளத்தை அண்டிய பகுதியிலே பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் தலைமையில் அண்மைக்காலத்தில் நடைபெற்ற அகழ்வாய்வு, அதற்கும் முற்பட்ட தொன்மையான குடியிருப்பின் சான்றுகளை வெளிப்படுத்தியுள்ளது. அரசன் குளங்கட்டுவதற்கு முன்னரே அங்கு மண்ணையும் நீரையும் அறிந்த மக்கள் வாழ்ந்தனர் என்பது இதனாற் பெறப்படும்.

கட்டுக்கரை ஆழமற்றுப் பரந்த குளம். தட்டையான நிலத்தில் வேறுவகையில் அமைத்தல் இயலாது. ஆழமின்மையால் வெயிலுக்கு இழக்கும் நீர் அதிகம். இக்குறையை ஈடுசெய்தது விநியோக முறையே. துருசுகளால் வெளிப்படும் நீர் வாய்க்கால் வழியே நூற்றுக்கு மேற்பட்ட சிறுகுளங்களுக்குச் சென்று, அவற்றிலிருந்து வயலுக்குப் பாய்கின்றது. இதன்கீழ்ப் பாய்ச்சப்படும் வயல் 20,000 ஏக்கருக்கு மேல். பெருங்குளம் வற்றினும் சிறுகுளத்தில் ஒரு பாய்ச்சலுக்கு நீர் நிற்கும். பதர் விழும் பருவத்தில் கதிரைக் காப்பது அந்த ஒரு பாய்ச்சலே.

சிறுபோகத்தில் நீரிருப்புக்கு ஏற்ப விதைக்கும் பரப்பை வரையறுத்து, அதனைக் காணிக்காரரிடையே கூட்டத்திற் பங்கிடும் வழக்கும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது. நீர் குறைந்தால் சிலர் முழுவதும் பெற்று ஏனையோர் இழப்பதற்குப் பதிலாக, எல்லோரும் சிறிதளவு விதைப்பர். இதனை ஒரு பொற்காலச் சமத்துவம் எனக் கொள்ளுதல் பொருந்தாது. குளக்கரையைக் கட்டியதும் பேணியதும் இராசகாரியம் என்னும் கட்டாய உழைப்பு. பங்கு காணியுடையோருக்கே, கூலிக்கு அருவி வெட்டியோருக்குப் பங்கில்லை. கடைமடையில் இருந்தவன் முன்மடைக்காரனை நோக்கியே வாழ்ந்தான். இருப்பினும், வறட்சி என்பது பொதுவாகச் சுமக்கவேண்டிய ஒன்று என்ற கோட்பாடு இம்முறைமையின் அடிநிலையில் இருந்தது.

குடியேற்ற ஆட்சியும் "மட்டப்பிழை"யும்

போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரைக் கைப்பற்றினர்; 1658இல் அது ஒல்லாந்தர் வசமாயிற்று; 1795இல் பிரித்தானியரிடம் சென்றது. இவ்வாட்சிகளின் கண் முத்துக்குளிப்பிலும் சாயவேரிலும் சுங்கத்திலும் பதிந்திருந்தது. 18ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் கட்டுக்கரையைத் திருத்துவது பற்றி ஆராய்ந்தனரேனும் அது செயலாகவில்லை. ஒரு முத்துக்குளிப்பு ஓராண்டில் தரும் வருவாயை ஒரு குளம் தராது என்பதே அரசின் கணக்கு.

பிரித்தானிய ஆட்சி 1832இல் இராசகாரியத்தை ஒழித்தது. கட்டாய உழைப்பின் ஒழிவு முற்போக்கானதே. ஆனால் அதன் இடத்தில் குளங்களைப் பேணுவதற்கு வேறோர் அமைப்பு உருவாக்கப்படவில்லை. குளங்கள் மேலும் தூர்ந்தன. 1856இல் நீர்ப்பாசனக் கட்டளைச்சட்டம் கிராம வழக்கங்களுக்குச் சட்டவலு அளிக்க முற்பட்டபோது ஒரு தலைமுறை கடந்துவிட்டிருந்தது. நெல்வரியோ 1892ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்படும்வரை தொடர்ந்தது. வானம் பொய்த்த ஆண்டிலும் விவசாயியின் வாசலில் வரி நின்றது.

எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட நூலிலே கட்டுக்கரையைப் பற்றி எழுதுகையில், மட்டக் கணக்கில் நேர்ந்த பிழையால் அது பயன்படாமலே கைவிடப்பட்டது என்ற கருத்தை முன்வைத்தார். நீர்ப்பாசனப் பொறியியலாளரான ஹென்றி பார்க்கர் அவ்விடத்தை நேரில் அளந்து, அக்கருத்து தவறென்பதைக் காட்டினார். அணையும் கால்வாயும் குளமும் ஒன்றோடொன்று பொருந்திய மட்டத்திலேயே இருந்தன. 1909இல் வெளிவந்த அவருடைய பண்டைய இலங்கை பற்றிய நூல் இதனைப் பதிவுசெய்துள்ளது. 19ஆம் நூற்றாண்டின் இறுதிக் காலத்திலே குளம் புனரமைக்கப்பட்டு நீர் மீண்டும் பாய்ந்ததே டெனன்டுக்குக் கிடைத்த உறுதியான மறுப்பு. ஒரு நிலம் பாழானதற்கு அதன் மக்களின் அறியாமையே காரணம் எனக் கொள்வது ஆட்சியாளருக்கு வசதியான விளக்கமாகும். பேணுவாரற்றுப்போனமைக்கு யார் பொறுப்பு என்னும் வினா அங்கே எழுவதில்லை.

வறட்சியிலிருந்து உறைபனிக்கு

வறட்சியும் உறைபனியும் தாவரநூலில் மட்டும் சந்திக்கவில்லை. தமிழ் உழைப்பாளரின் வாழ்விலும் சந்தித்தன. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சம் இந்தியத் துணைக்கண்டத்தில் ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டதாக மதிப்பிடப்படுகின்றது. அப்பஞ்சத்துக்குத் தோற்றுவாய் மழையின்மை. அதனைப் பேரழிவாக்கியது தானியத்தை ஏற்றுமதிக்கும் விலையேற்றத்துக்கும் விட்டுவைத்த கொள்கை. 1877ஆம் ஆண்டில் மட்டும் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் இலங்கைக்கு வந்திறங்கினர். அவர்களுட் பெரும்பாலோருக்கு முதலிற் கால்பட்ட மண் மன்னார்க் கரையே.

அங்கிருந்து வரண்ட காட்டினூடு மதவாச்சி, அனுராதபுரம், தம்புள்ளை வழியே மாத்தளை வரை அவர்கள் நடந்தனர். தாகமும் வாந்திபேதியும் வழியெங்கும் உயிர்களைக் கொண்டன. ஒரு கரையின் வறட்சியிலிருந்து தப்பியோர் மறுகரையின் வறட்சியைக் கடக்கவேண்டியிருந்தது. கட்டுக்கரை தூர்ந்து கிடந்த காலம் அது. நீரற்ற குளத்தின் அயலிலே நீரின்றி மாண்டனர் என்பது அக்காலத்தின் கொடிய முரண்பாடு.

மலையை அடைந்தோர் கோப்பியிலும், 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்தபின் தேயிலையிலும் உழைத்தனர். கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலுள்ள நுவரெலியாப் பகுதியில், தை, மாசி மாதங்களின் முகிலற்ற இரவுகளிலே நிலம் தன் வெப்பத்தை இழக்க, குளிர்ந்த காற்று பள்ளங்களிலே தேங்கித் தரையிலே உறைபனி படிவதுண்டு. விடியலில் தேயிலைத் தளிர் தீய்ந்தாற்போலக் கருகியிருக்கும். கொழுந்து கருகினால் கொழுந்து பறிப்போரின் கூலி குறையும். வறட்சியால் நிலத்தை இழந்தவரின் வழிவந்தோர், உறைபனியால் நாட்கூலியை இழந்தனர். இரு இடத்திலும் இயற்கையின் இழப்பு உழைப்பவர்மீதே இறக்கப்பட்டது.

ஐரோப்பாவின் வரலாறும் இதற்குப் புறம்பானதன்று. 1709ஆம் ஆண்டின் கடுங்குளிரில், நிலத்தை மூடியிருந்த பனி உருகி மண் மீண்டும் உறைந்ததனால் பிரான்சின் மாரிக் கோதுமை வேரோடு மடிந்தது. பசியாலும் நோயாலும் இலட்சக்கணக்கானோர் இறந்தனர். அயர்லாந்தில் 1740இன் உறைபனி நிலத்திலிருந்த உருளைக்கிழங்கை அழித்தது. குளிர் எல்லோர் நிலத்திலும் விழுந்தது. பசியாற் செத்தோர் ஏழைகளே.

அண்மைக்காலம்

சுதந்திரத்துக்குப் பின்னர் மன்னார்ப் பெருநிலம் மாவட்டத்தின் நெற்களஞ்சியம் என்னும் நிலையை மீண்டும் பெற்றது. போர் அதனைக் குலைத்தது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபகுதி முஸ்லிம் மக்களை வெளியேற்றினர். முசலி முதலான பகுதிகளின் வயல்களும் குளங்களும் உழுவோரை இழந்தன. 2007, 2008 ஆண்டுகளில் அடம்பன், கட்டுக்கரைச் சூழல் போர்முனையாயிற்று. தமிழ் விவசாயிகள் வயலை விட்டு ஓடினர். குளத்தில் நீர் இருந்தும் வயல் தரிசாயிற்று. ஷிம்பர் தாவரத்துக்குக் கூறிய வறட்சியைச் சமூகத்துக்குப் பொருத்தினால் இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

2016, 2017 ஆண்டுகளில் நாடு பல பத்தாண்டுகளிற் காணாத கடும் வறட்சி நேர்ந்தபோது, மன்னாரும் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் ஒன்றாயிற்று. காலநிலை மாறிவருகையில் இத்தகைய ஆண்டுகள் மீண்டும் வரும் என்று எதிர்பார்த்தலே அறிவுடைமை. தீவிலோ, காற்றாலைகளும் கனிய மணல் அகழ்வுக்கான முயற்சிகளும் 2025இல் மக்களின் கிளர்ச்சிக்குக் காரணமாயின. மின்சக்தி வேண்டாமென்பது அங்கு எழுந்த குரலின் சாரமன்று. வடிகாலும் மணலும் நிலத்தடி நன்னீரும் குலையுமாயின் அங்கே வாழ்வு இல்லை என்பதே தீவுமக்களின் அச்சம். ஓரடி நன்னீர் 40 அடி உவரைத் தடுத்துநிற்கும் நிலத்தில், அவ்வச்சம் கற்பனையானதென ஒதுக்கத்தக்கதன்று.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் சில முடிபுகள் பெறப்படும். முதலாவது, வறட்சியும் உறைபனியும் உவர்ப்பும் தாவரத்தை வாட்டுவது நீர் எட்டாமை என்னும் ஒரே வழியால். இரண்டாவது, மன்னாரின் வளமும் வறுமையும் மழையளவோடு மட்டும் ஏறியிறங்கவில்லை. நீரைத் தேக்கி, பகிர்ந்து, பேணும் அமைப்பு இருந்தபோது வளம் இருந்தது, அது குலைந்தபோது வறுமை வந்தது. மூன்றாவது, அவ்வமைப்பு நீதியானதாயும் இருந்தாலன்றி நிலைபெறாது. கட்டாய உழைப்பிலே கட்டப்பட்ட கரையைக் காக்க, அக்கட்டாயம் நீங்கியபின் எவருமிலர் என்பதே 19ஆம் நூற்றாண்டு தந்த பாடம்.

அருவி ஆற்றின் மேல்மடையில் சிங்கள விவசாயியும் கீழ்மடையில் தமிழ், முஸ்லிம் விவசாயிகளும் விதைக்கின்றனர். மேலே மறிக்கப்படும் ஒவ்வொரு சொட்டும் கீழே ஒரு கதிரைப் பதராக்கக்கூடும். கடைமடைக்கு நீர் சேர்ப்பது எவ்வாறு என்பதற்குக் கட்டுக்கரையின் பழைய பயிர்ச்செய்கைக் கூட்டம் ஒரு விடையைத் தன் எல்லைக்குள் கண்டிருந்தது. அவ்விடையைக் காணியுடையோருக்கு அப்பால் கூலி உழைப்பாளருக்கும், ஒரு குளத்துக்கு அப்பால் ஓர் ஆறு முழுவதற்கும் விரிப்பதே இனி எஞ்சியுள்ள பணி. அப்பணி நிறைவேறுமளவே மன்னாரின் வறட்சி ஒரு பருவமாக மட்டும் நிற்கும்.